சினைமாட்டின் மடியை விடாத பெரிய கன்றைப் பால் மறக்கச் செய்வது எப்படி

மாடு ஏழு மாதச் சினை. போன ஈற்றுக் கன்றுக்கு வயது பத்து மாதம். அது இன்னும் காலையும் மாலையும் மடியை முட்டிக்கொண்டிருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் பல வீடுகளில் இதுதான் நிலைமை. தாயும் பிள்ளையும்தானே, தானாக மறந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள். சில கன்றுகள் மறக்கும். மறக்காத கன்று, வயிற்றில் இருக்கும் அடுத்த கன்றின் சீம்பாலைக் குடித்துவிடும்.

மாட்டின் கருப்பையில் இருக்கும் கன்றுக்குத் தாயின் இரத்தத்திலிருந்து நோய் எதிர்ப்புப் பொருள் போய்ச் சேராது. பிறந்த பிறகு சீம்பால் வழியாகத்தான் கிடைக்கும். அந்த எதிர்ப்புப் பொருள் ஈனுவதற்கு மூன்று நான்கு வாரம் முன்பிருந்தே மடியில் சேரத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் பெரிய கன்று தினமும் உறிஞ்சினால், ஈன்ற அன்று மடியில் இருப்பது சாதாரணப் பால் போலத் தண்ணீராகத்தான் இருக்கும். இன்னொன்றும் உண்டு. மடித் திசு தேய்ந்து புதுப்பிக்கவே இரண்டு மாத ஓய்வு வேண்டும். ஓய்வில்லாமல் ஈன்ற மாடு அந்த ஈற்று முழுவதும் குறைவாகத்தான் கறக்கும்.

அதனால் வேலையை ஈனும் நாளிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத் தொடங்க வேண்டும்.

நாள் கணக்கு

பசுவுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். எருமைக்கு 310 நாள். சினை ஊசி போட்ட தேதியைக் கால்நடை மருந்தகச் சீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்கு முன்னால், ஜனவரி 10 அன்று ஊசி போட்டுச் சினை நின்றிருந்தால், அக்டோபர் 17 வாக்கில், ஐப்பசி பிறக்கும் சமயத்தில் ஈனும். அதற்கு 60 நாள் முன்பு, அதாவது ஆகஸ்ட் 18, ஆவணி பிறந்த கையோடு, மடியில் சொட்டுப் பால் வரக்கூடாது. கன்றைப் பிரிக்க நான்கு வாரம் ஆகும். ஆகவே ஆடி முதல் தேதியிலேயே வேலையைத் தொடங்கிவிட வேண்டும். காளை சேர்ந்து சினையான மாட்டுக்குத் தேதி தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் ஒருமுறை சினைப் பரிசோதனை செய்து மாதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்வது ஒரு மாதம்கூடத் தவறிப்போகும்.

இன்னும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் கறக்கிறதே, சொசைட்டிக்கு ஊற்றலாமே என்று ஆவணியையும் தாண்டி இழுப்பவர்கள் உண்டு. அந்த ஒரு மாதத்துப் பால் காசைவிட, அடுத்த ஈற்றில் குறையும் பாலும் கழிச்சலில் வாடும் கன்றும் அதிக நட்டம். இந்த விஷயத்தில் சமரசம் வேண்டாம்.

கன்று தயாரா என்று பாருங்கள்

பத்து மாதக் கன்றுக்குப் பால் உணவாகத் தேவையில்லை. அதன் பெரு வயிறு மூன்று நான்கு மாதத்திலேயே சோளத்தட்டையும் புல்லையும் செரிக்கப் பழகிவிடும். இப்போது அது குடிப்பது பழக்கத்துக்காக. ஆனாலும் பாலையே நம்பி வளர்ந்து தீவனம் சரியாகத் தின்னாத கன்றைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டே வாரத்தில் விலா எலும்பு தெரியும். தினமும் ஒரு கிலோ அடர்தீவனத்தை மீதம் வைக்காமல் ஒரு வாரம் தொடர்ந்து தின்கிறதா என்று பாருங்கள். தின்றால் பிரிக்கலாம்.

எடை தெரிந்தால்தான் தீவனமும் குடற்புழு மருந்தும் அளவாகக் கொடுக்க முடியும். தராசு வேண்டாம், தையல்காரர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அங்குலத்தில் அளவெடுங்கள். தோள்முனையிலிருந்து பின்னால் வால் அருகே துருத்தும் எலும்பு வரை நீளம் எடுங்கள். மார்புச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் கிலோ வரும். சுற்றளவு 45, நீளம் 38 என்றால் 45 × 45 × 38 ÷ 660, சுமார் 117 கிலோ.

அந்த எடைக் கன்றுக்கு நாளொன்றுக்கு ஒன்றேகால் கிலோ அடர்தீவனம், எட்டு கிலோ பசுந்தீவனம், ஒரு கிலோ ராகித்தாள் அல்லது சோளத்தட்டு வேண்டும். கடலைக்கொடி இருந்தால் தட்டில் பாதியை அதற்கு மாற்றலாம், கன்று விரும்பித் தின்னும். அடர்தீவனத்தை வீட்டிலேயே கலக்க, 10 கிலோவுக்கு உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, தவிடு 3 கிலோ, கடலைப் புண்ணாக்கு 2 கிலோ 700 கிராம், தாது உப்பு 200 கிராம், சாப்பாட்டு உப்பு 100 கிராம். புண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையோ கறுப்பு, பச்சைப் புள்ளியோ இருந்தால் போடாதீர்கள். மழைக்காலத்தில் ஈரம் கட்டிய கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு சேரும். அது கன்றின் ஈரலைக் கெடுக்கும், சினைமாட்டுக்கும் ஆகாது.

பிரிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே குடற்புழு நீக்கம் முடிந்திருக்க வேண்டும். கன்றுக்கு வாங்கிய மருந்தில் மிச்சத்தைத் தாய்க்கு ஊற்றிவிடாதீர்கள். சில மருந்து சினைக்கு ஆகாது, மாட்டுக்கு மருத்துவர் தனியாகச் சொல்ல வேண்டும். கோமாரி ஊசி, கொம்பு சுடுவது, மூக்கு குத்துவது, சந்தைக்கு ஓட்டுவது எதையும் பிரிக்கும் வாரத்தில் வைக்காதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டு துன்பம் கொடுத்தால் சளியும் கழிச்சலும் பிடித்துக்கொள்ளும்.

முதல் வாரம்: வேளையைக் குறைப்பது

இரண்டு வேளை குடிக்கும் கன்றுக்கு முதலில் மாலை வேளையை நிறுத்துங்கள். காலையில் மட்டும் விடுங்கள். நாலைந்து நாள் கழித்துக் காலையிலும் சுரப்பு விடுவதற்காக இரண்டு காம்பில் ஒரு நிமிடம் ஊட்டவிட்டு இழுத்துக் கட்டுங்கள். நாட்டு மாடு, குறிப்பாக ஆலம்பாடி மாடு, கன்று முட்டாமல் சுரப்பு விடாது. கறப்பதற்காகத்தான் பல வீடுகளில் பெரிய கன்றை இத்தனை மாதம் ஊட்டவிடுகிறார்கள். அந்த மாடுகளில் ஒரு வசதி உண்டு. கன்றை நிறுத்தினால் கறவையும் தானே நின்றுவிடும், பால் வற்றவைக்கத் தனியாகப் பாடுபட வேண்டியதில்லை.

கலப்பின மாடு அப்படி இல்லை. கன்று இல்லாமலும் சுரக்கும், ஏழு மாதச் சினையிலும் நாலைந்து லிட்டர் கறக்கும். அதற்கு இந்த வாரமே அடர்தீவனத்தைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, தட்டும் கொஞ்சம் புல்லும் மட்டும் போடுங்கள். கறவையை ஒரு வேளையாக்குங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். தண்ணீர் காட்டாமல் வற்றவைப்பது பழைய வழக்கம், சினைமாட்டுக்கு அது கேடு.

இரண்டாம் வாரம்: மூக்குத் தட்டு

கன்றின் மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் தட்டு கால்நடைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். அதில் இரண்டு வகை. ஒன்று வெறும் தட்டு. கன்று தலையை உயர்த்தி மடிக்குப் போனால் வாய்க்கு முன்னால் தொங்கி மறைக்கும், தலையைக் குனிந்து புல் மேயும்போது விலகும். இன்னொன்றில் வெளிப்பக்கம் முள் இருக்கும். அது மடியைக் குத்த, தாயே உதைத்து விரட்டும்.

சினைமாட்டுக்கு வெறும் தட்டே நல்லது. முள் குத்தியும் உதைக்காமல் பொறுத்து நிற்கும் சாதுவான மாடுகள் உண்டு. அவற்றின் காம்பு கீறிப் புண்ணாகி, அந்தப் புண் வழியாக மடிநோய் நுழையும். உதைக்கும் மாடாக இருந்தாலும் கனத்த வயிற்றோடு ஈரத்தரையில் வழுக்கி விழும் ஆபத்து இருக்கிறது. முள் தட்டுதான் கிடைத்தது என்றால் முள் நுனியை அரத்தால் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

மாட்டும் விதம் இது. கன்றை முளைக்குச்சியில் ஒட்டக் கட்டி, ஒருவர் தாடையைப் பிடித்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தட்டின் மேல்பக்கம் இரண்டு குமிழ் இருக்கும். ஒரு குமிழை ஒரு நாசிக்குள் நுழைத்து, தட்டைச் சாய்த்தபடியே அடுத்த குமிழை மறு நாசிக்குள் திருப்புங்கள். மூக்குத் தண்டில் துளை போடக்கூடாது, குமிழ்கள் தண்டைக் கவ்வி நின்றாலே போதும். திருகு உள்ள தட்டானால், தட்டை ஆட்டினால் லேசாக அசையும் அளவுக்கு மட்டும் முறுக்குங்கள். இறுக முறுக்கினால் மூன்றாம் நாள் தண்டு வீங்கிச் சீழ் பிடிக்கும். தளர விட்டால் கன்று மரத்தில் தேய்த்தே கழற்றிப் போட்டுவிடும்.

தட்டோடு கன்று தாயின் பக்கத்திலேயே இருக்கட்டும். இந்த முறையின் பலன் இதில்தான் இருக்கிறது. பால் இல்லை, ஆனால் தாய் இருக்கிறாள் என்று கன்று முதலில் பழகுகிறது. பிறகு தாயைப் பிரிக்கும்போது கத்தலும் அலைச்சலும் வெகுவாகக் குறையும். ஐந்து முதல் ஏழு நாள் போதும். தினமும் காலையில் மூக்கைப் பாருங்கள், வாளியில் தண்ணீர் வைத்துக் குடிக்க முடிகிறதா பாருங்கள். குறுகலான தொட்டி வாயில் தட்டு இடிக்கும், அகலப் பாத்திரம் வையுங்கள்.

தட்டு இருக்கிறதே என்று அசந்துவிடவும் கூடாது. சில கன்றுகள் தலையைச் சாய்த்து, தட்டை நாக்கால் ஒதுக்கிக் காம்பைக் கவ்வக் கற்றுக்கொள்ளும். தெரிந்துகொள்ள வழி உண்டு. அதிகாலையில் மடியைப் பாருங்கள். ஊட்டிய காம்பு மட்டும் கழுவியதுபோல் பளபளக்கும், அடியில் ரோமம் ஈரமாக ஒட்டியிருக்கும், அந்தக் கால்பகுதி மடி மற்றவற்றைவிடச் சுருங்கியிருக்கும். கன்றின் கடைவாயில் வெண்ணுரை காய்ந்திருக்கும். அப்படிக் கண்டால் அன்றே பிரித்துவிடுங்கள்.

தட்டு கிடைக்காதவர்கள் வாய்க்கூடை போடுவார்கள். அதைப் போட்டால் கன்று மேயவும் முடியாது, தண்ணீர் குடிக்கவும் முடியாது. தாயின் பக்கத்தில் நிற்கும் நேரம் மட்டும் போட்டு, தீவன நேரத்தில் கழற்ற வேண்டும். வெயிலில் போடவே கூடாது. காம்பில் வேப்பெண்ணெய், கற்றாழைச் சாறு தடவுவது சாதுவான கன்றிடம் ஒன்றிரண்டு நாள் பலிக்கும், கசப்பு காய்ந்ததும் மறுபடி குடிக்கும். சாணி பூசுவது மடிநோய்க் கிருமியைக் காம்பு வாசலிலேயே கொண்டுபோய் வைப்பது. மிளகாய்க் கரைசல் காம்புத் தோலையும் கன்றின் கண்ணையும் எரிக்கும். இரண்டும் கூடாது.

மூன்றாம் வாரம்: வேலி வைத்துப் பிரிப்பது

தட்டைக் கழற்றும் அதே நாளில் பிரித்துவிட வேண்டும். கன்று பழகிய இடத்திலேயே இருக்கட்டும், தாயின் கட்டுத்தறியை மாற்றுங்கள். இடம் புதிது, தாயும் இல்லை என்று இரண்டையும் கன்றின்மேல் சுமத்த வேண்டாம்.

நடுவில் ஐந்தடி உயர வேலி வேண்டும். மூங்கிலோ தைலமரக் கம்போ போதும். கீழ் மூன்றடிக்குக் கம்புகளுக்கிடையே நாலு விரல் இடைவெளிக்கு மேல் விடாதீர்கள். மாடு வேலியோரம் பக்கவாட்டில் நின்றால் கன்று சந்து வழியே வாயை நீட்டிக் குடித்துவிடும், தாயும் ஒத்துழைக்கும். நெருக்கமாக அடைக்க முடியாவிட்டால் மூன்றடி தள்ளி இரண்டாவது வேலி ஒன்று வையுங்கள். கயிற்றை நம்பி வேலி இல்லாமல் கட்டுபவர்களுக்கு ஒரே வார்த்தை: முதல் மூன்று இரவும் முடிச்சைச் சரிபாருங்கள்.

முதல் நாள் இரவும் மறுநாளும் இரண்டும் கத்தும். இரண்டாம் நாள்தான் உச்சம். நாலாம் நாள் தீவன நேரத்தில் மட்டும் கத்தும், ஒரு வாரத்தில் அடங்கும். அக்கம்பக்கத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இரண்டாம் நாள் ராத்திரி "பாவம், ஒரு வாய் குடிக்கட்டும்" என்று யாராவது அவிழ்த்துவிடுவதால்தான் முக்கால்வாசி முயற்சி கெடுகிறது. அந்த ஒரு வாய், கத்தினால் பால் கிடைக்கும் என்று கன்றுக்குச் சொல்லிக்கொடுத்துவிடும். அடுத்த முறை நாலு நாள் கத்தியது எட்டு நாள் கத்தும். வற்றத் தொடங்கிய மடியும் மறுபடி சுரக்கும். இரக்கம் காட்ட வேறு வழி இருக்கிறது. அந்த மூன்று நாளும் கன்றுக்கு நல்ல பசுந்தீவனமும் கடலைக்கொடியும் போடுங்கள், அடிக்கடி தண்ணீர் காட்டுங்கள், உண்ணி பொறுக்கித் தேய்த்துவிடுங்கள், துணைக்கு இன்னொரு கன்றோ கிடேரியோ பக்கத்தில் கட்டுங்கள்.

துணை கட்டுவதிலும் ஒரு கவனம் வேண்டும். பால் மறந்த கன்று துணைக்கன்றின் காதை, தொப்புளை, சிறு மடியைச் சப்பத் தொடங்கும். கிடேரியின் வளராத காம்பைச் சப்பினால் அது முதல் ஈற்றுக்கு வரும்போது அந்தக் காம்பு அடைத்துக் குருடாக இருக்கலாம். சப்புவதைக் கண்டால் எட்டாத தூரத்தில் கட்டுங்கள்.

காளைக்கன்றானால் பிரிப்பதில் இன்னும் அவசரம் உண்டு. பத்து மாதத்துக்கு மேல் அது தாய்மேலேயே தாவும். நிறைசினை மாட்டுக்கு அது ஆகாது. வைத்து வளர்க்கப்போவதில்லை என்றால் ஆண்மைநீக்கத்தைப் பிரித்து ஒரு மாதம் கழித்து மருத்துவரிடம் செய்துகொள்ளலாம்.

இன்னொரு ஆபத்தை இந்த வட்டாரத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். பிரித்த கன்று பசியோடும் கோபத்தோடும் கண்டதையும் மேயும். ஆடி, ஆவணியில் மழை இல்லாமல் வாடிய இளஞ்சோளப் பயிரும், அறுத்த சோளக் கட்டையில் விடும் துளிரும் நஞ்சு. தின்ற கொஞ்ச நேரத்தில் மூச்சு முட்டி விழும், மருத்துவர் வருவதற்குள் முடிந்துவிடும். முழங்கால் உயரம்கூட வளராத சோளத்துப் பக்கம் கன்றை ஓட்டவே வேண்டாம். அதேபோல், பாலுக்கு ஈடாக என்று மீந்த ராகிக்களியையும் சோற்றையும் வாளி வாளியாக வைக்காதீர்கள். வயிறு புளித்து உப்பும், அசைபோடுவது நிற்கும்.

பட்டி மாடுகளுக்கு

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் காட்டோரத்தில் பட்டியாக மேயும் மாடுகளுக்கு வேலிப்பிரிவு ஒத்துவராது. பகல் முழுக்கக் கன்று தாயோடுதான் போகும். இவற்றுக்கு மூக்குத் தட்டையே பத்து நாள் வரை நீட்டிக்கலாம், மூக்கில் புண் இல்லை என்று தினமும் பார்க்க முடிந்தால். புதரில் தட்டு மாட்டிக்கொள்ளும் என்பதால் முள்காட்டுக்குள் ஓட்டும் நாளில் வேண்டாம். அதைவிட நல்ல வழி, கன்றை உறவினர் பட்டிக்குக் குரல் கேட்காத தூரத்தில் ஆறு வாரம் அனுப்பிவிட்டு, அவர்கள் கன்றை இங்கே வாங்கிக்கொள்வது. போகும் கன்றுக்கு உண்ணி, கோமாரி இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மடியில் கவனம்

கடைசிக் கறவையில் மடியை முழுதாகக் கறந்துவிட்டு நிறுத்துங்கள். கலப்பின மாட்டுக்கு, குறிப்பாக முன்பு மடிநோய் வந்த மாட்டுக்கு, காம்புக்குள் ஏற்றும் வற்றுக்கால மருந்தை அன்றே மருத்துவரிடம் போட்டுக்கொள்ளலாம். போட்டபின் எந்தக் கன்றும் வாய் வைக்கக் கூடாது. இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை மடி விம்மும். பார்க்கப் பயமாகத்தான் இருக்கும், கை வைக்காதீர்கள். விம்மலே பால் சுரப்பதை நிறுத்தச் சொல்லும் செய்தி. கொஞ்சம் கறந்துவிட்டால் செய்தி அழிந்து முதலிலிருந்து தொடங்கும். ஐந்தாம் நாள் தளரும், இரண்டு வாரத்தில் காலிப் பை போல் மெத்தென்று ஆகும்.

நாலு பகுதியும் சமமாக விம்முவது இயல்பு. ஒரு பகுதி மட்டும் கல்லாகி, புறங்கையால் தொட்டால் சுட்டு, மாடு காலை அகட்டி நொண்டினால், தீனி எடுக்காமல் காய்ச்சல் 103 டிகிரியைத் தாண்டினால், அது மடிநோய். அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். போக வழியில்லாவிட்டால் கால்நடை ஆம்புலன்சுக்கு 1962.

மடி தளர்ந்தபின் மாட்டுக்கு நிறுத்திய அடர்தீவனத்தை மெல்லத் தொடங்கி, ஈனும் மாதத்தில் வழக்கமான தீவனத்தோடு ஒன்று முதல் ஒன்றரை கிலோ வரை கூடுதலாகக் கொடுங்கள்.

தாமதமாகிவிட்டால்

ஈன மூன்று வாரமே இருக்கிறது, கன்று இன்னும் குடிக்கிறது என்றால் வேளைக் குறைப்பு, மூக்குத் தட்டு எதற்கும் நேரமில்லை. இன்றே கண்காணாத இடத்துக்குப் பிரித்துவிடுங்கள். கத்தலைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

ஈன்றதும் முதல் பாலைக் கையில் பீய்ச்சிப் பாருங்கள். நல்ல சீம்பால் மஞ்சளாக, விரலிடுக்கில் தேன்போல் ஒட்டும். வெளுத்து ஓடினால் பெரிய கன்று குடித்துத் தீர்த்திருக்கிறது. அதே நாளில் ஈன்ற வேறு நல்ல மாட்டின் சீம்பால் கிடைக்குமா என்று ஊரில் கேட்டு, பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் தவணை ஊட்டுங்கள். 25 கிலோ கன்றுக்கு முதல் அரை நாளுக்குள் இரண்டரை லிட்டராவது போக வேண்டும். நேரம் போகப் போகக் கன்றின் குடல் எதிர்ப்புப் பொருளை ஏற்பது குறையும், ஒரு நாளில் நின்றுவிடும். அக்கம்பக்கத்துக்குக் காய்ச்சிக் கொடுக்கும் சீம்பால், இந்தப் பங்கு போக மிஞ்சியதாக இருக்கட்டும்.

ஈன்ற மாட்டின் மடி வாசம் பிடித்துப் பழைய கன்று மறுபடி வரும், மூன்று மாதம் தள்ளியிருந்ததும்கூட. புதுக் கன்று பிறந்த முதல் மாதம் இரண்டையும் ஒரே கொட்டகையில் அவிழ்த்துவிடாதீர்கள். பிறகு விடும் அன்றைக்கு, மூக்குத் தட்டைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டு, முதல் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே நின்று பாருங்கள்.